அவரை இலையும் அயோடினும்: ஒளிச்சேர்க்கையை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

என் பத்தாம் வகுப்பு ரெக்கார்ட் நோட்டில் ஓர் இலைப் படம் உண்டு. கருப்புக் காகிதம் ஒட்டிய இடம் வெளிர் பழுப்பு, வெயில் பட்ட இடம் கருநீலம். அழகான படம், ஆனால் பொய்ப்படம். அன்று ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கிடைத்த இலை முழுக்கப் பழுப்பாகத்தான் இருந்தது. "புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படியே வரைஞ்சுடுங்க" என்றார்கள். கலர் பென்சிலை எடுத்து நீலம் தீட்டினோம், மதிப்பெண்ணும் வந்துவிட்டது.

எங்கே தப்பு நடந்தது என்பது, பல வருடம் கழித்து என் மகளுக்காக அதே சோதனையைச் சமையலறையில் செய்தபோதுதான் புரிந்தது. நாங்கள் இலையைப் பறித்தது காலை முதல் பீரியடில். அந்த நேரத்தில் இலைக்குள் மாவுச்சத்து அநேகமாகக் காலி. பகலில் சேர்த்ததை இரவெல்லாம் செலவழித்துவிட்டு, விடியும்போது வெறும் பெட்டியோடு நிற்கிறது இலை. அதே இலையை மாலை நாலு மணிக்குப் பறித்திருந்தால் பொய் நீலம் தேவைப்பட்டிருக்காது.

ஒளிச்சேர்க்கையை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம், பார்த்தவர்கள் குறைவு. நான்கு சிறிய சோதனைகளைச் செய்தால் அதன் முக்கியமான கட்டங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நுண்ணோக்கி வேண்டாம்.

வாங்க வேண்டியவை

மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட், காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் மருந்து (டிஞ்சர் அயோடின் கிடைத்தால் இன்னும் நல்லது), ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச். ஸ்பிரிட்டுக்குப் பதில் கை கழுவும் சானிட்டைசர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதில் கலந்திருக்கும் கூழ்ப்பொருள் காரியத்தைக் கெடுக்கும். மளிகைக் கடையில் ஆப்ப சோடா. ஸ்டேஷனரி கடையில் சாக்பீஸ், கருப்பு சார்ட் பேப்பர், ஜெம் கிளிப். மீன் தொட்டிக் கடையில் ஒரு பிடி வேலம்பாசி. கடைக்காரரிடம் ஹைட்ரில்லா என்று கேட்டாலும் கொடுப்பார். ரூபாய் நோட்டு கள்ளநோட்டா என்று பார்க்கும் ஊதா டார்ச் ஒன்று கிடைத்தால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது.

இலைக்கு அவரையைச் சிபாரிசு செய்வேன். தொட்டியில் ஐந்தாறு விதை ஊன்றினால் சில வாரங்களில் போதுமான இலை வந்துவிடும். மெல்லிய இலை, சீக்கிரம் வெளுக்கும். செம்பருத்தியும் பரவாயில்லை, கொஞ்சம் கொழகொழக்கும். வெங்காயத் தாளை மட்டும் எடுக்காதீர்கள். வெங்காயம் தன் சேமிப்பைச் சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளும், மாவுச்சத்தாக மாற்றாது. அயோடினை எவ்வளவு ஊற்றினாலும் நிறம் வராது.

முதலில் ஒரு கணக்கு

செடியின் உடம்பு எதிலிருந்து வருகிறது? மண்ணிலிருந்து என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட் இதை எடைபோட்டே பார்த்தார். உலர்த்திய மண் சுமார் 90 கிலோவைத் தொட்டியில் போட்டு, 2 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 77 கிலோவுக்கு வளர்ந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால் குறைந்திருந்தது 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்தபின் 1648ல் அச்சான நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. மண் இல்லை என்றால் தண்ணீர்தான் மரமாகிறது என்று அவர் முடிவு கட்டினார். பாதிக் கிணறுதான் தாண்டினார்.

மீதிப் பாதி காற்று. ஆறு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் ஆறு தண்ணீர் மூலக்கூறும் போய், ஒரு குளுக்கோஸும் ஆறு ஆக்சிஜனும் வருகின்றன என்பது நாம் படித்த சமன்பாடு. இந்தக் குளுக்கோஸில் கார்பனும் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. தண்ணீர் தந்தது ஹைட்ரஜன் மட்டும். எடைக் கணக்குப் போட்டால் 100 கிராம் குளுக்கோஸில் 93 கிராம் காற்றின் சரக்கு. காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதோ 0.04 சதவீதம் அளவுக்குத்தான். அவ்வளவு நீர்த்துப்போன சரக்கைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் ஆலமரமும் அரிசி மூட்டையும் உருவாகின்றன. எனக்கு இதை நம்பவே கொஞ்ச காலம் பிடித்தது.

சோதனை ஒன்று: வெயில் விழுந்த இடம் நீலம்

குளுக்கோஸ் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இலை பகலில் உபரிச் சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றி அங்கேயே தற்காலிகமாக அடுக்கி வைக்கிறது. மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலம். (சந்தேகமிருந்தால் சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.) பச்சை நிறம் மேலே மூடியிருப்பதால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் இந்தச் சோதனையின் தந்திரம்.

1. தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டு அலமாரியிலோ அட்டைப்பெட்டிக்குள்ளோ வையுங்கள். பழைய மாவுச்சத்து தீர்ந்துவிடும். தரையில் நிற்கும் செடியாக இருந்தால் நகர்த்த வேண்டாம். இருட்டிய பிறகு இலையில் காகிதத்தைப் பொருத்திவிட்டால், பெரும்பாலும் அந்த ஓர் இரவே இலையைக் காலி செய்துவிடும்.

2. கருப்பு சார்ட்டை இரண்டு துண்டாக வெட்டி, இலையின் மேலும் கீழும் நேருக்கு நேர் வைத்து ஜெம் கிளிப் மாட்டுங்கள். நட்சத்திரமோ உங்கள் பெயரின் முதல் எழுத்தோ எந்த வடிவமும் சரி. இலையைக் கிள்ளாமல், செடியிலேயே இருக்கும்போது மாட்ட வேண்டும்.

3. அடுத்த நாள் காலையிலிருந்து நல்ல வெயிலில் ஐந்தாறு மணி நேரம். மூன்று, நாலு மணிக்கு இலையைக் கிள்ளுங்கள்.

4. கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். இலை துவண்டுவிடும். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால் ஸ்பிரிட் இலைக்குள் சரியாக இறங்காது.

5. இப்போது அடுப்பை அணையுங்கள். உண்மையிலேயே அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்புறம் ஸ்பிரிட் பாட்டிலைத் திறங்கள். சிறிய எவர்சில்வர் டம்ளரில் இலை மூழ்கும் அளவுக்கு ஸ்பிரிட் விட்டு, அந்த டம்ளரை வெந்நீர் இருக்கும் பாத்திரத்துக்குள் வையுங்கள். ஸ்பிரிட் 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். நெருப்பு மேல் நேரடியாக ஒருபோதும் வைக்கக் கூடாது. பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்கட்டும்.

6. பத்து நிமிடத்தில் ஸ்பிரிட் பச்சையாகும், இலை வெளுக்கும். வெளுக்கவில்லை என்றால் வெந்நீரை மாற்றுங்கள். அந்தப் பச்சை ஸ்பிரிட்டைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்த சோதனைக்கு அதுதான் மூலப்பொருள்.

7. வெளுத்த இலை மொறமொறப்பாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் விரித்து, தண்ணீர் கலந்து தேயிலைச்சாறு நிறத்துக்குக் கொண்டுவந்த அயோடினை ஊற்றுங்கள். சில நிமிடம் பொறுங்கள்.

மூடியிருந்த வடிவம் பழுப்பாகவும் சுற்றிலும் கருநீலமாகவும் வரும். இலைக்குள் வெயில் எழுதிய எழுத்து அது. முதல் தடவை வந்தபோது என் மகளைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

அந்த மாவுச்சத்து இரவில் என்ன ஆகிறது? உடைக்கப்பட்டு, சுக்ரோஸ் என்ற சர்க்கரையாகி, நரம்புகள் வழியே வேருக்கும் தளிருக்கும் காய்க்கும் போகிறது. ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் ஒரு வியப்பான விஷயம் கண்டிருக்கிறார்கள். இருப்பு விடியும் நேரத்துக்குச் சரியாகத் தீரும்படி இரவு முழுதும் சீராகச் செலவழிக்கிறது; வழக்கத்தைவிட முன்னதாக விளக்கை அணைத்தால் செலவு வேகத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறது. ஒன்றாம் தேதிச் சம்பளத்தை முப்பதாம் தேதிவரை இழுத்துப் பிடிக்கும் நம் வீட்டு அம்மாக்களின் கணக்குதான்.

இதே சோதனையை வெள்ளைத் திட்டு உள்ள மணிபிளாண்ட் இலையிலும் செய்யலாம். காகிதம் ஒட்ட வேண்டாம். வெள்ளைத் திட்டுகளின் வடிவத்தை முன்கூட்டியே ஒரு தாளில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சை இருந்த இடம் மட்டும் நீலமாகும்.

சோதனை இரண்டு: பச்சைக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு

எடுத்து வைத்த பச்சை ஸ்பிரிட் வெளிறியிருந்தால், ஒரு கைப்பிடி கீரையை அம்மியிலோ சின்ன உரலிலோ நசுக்கி, புதிய ஸ்பிரிட் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அடர்பச்சைச் சாறு வரும்.

ஒரு தட்டில் அரை விரல் உயரத்துக்குக்கூட வேண்டாம், மெல்லிய படலமாக ஊற்றி வெள்ளை சாக்பீஸை அதில் நிற்க வையுங்கள். சாறு சாக்பீஸில் ஏறும். கால் மணி நேரத்தில் பச்சைப் பட்டைக்கு மேலே ஒரு மஞ்சள் விளிம்பு தெரியும். ஸ்பிரிட்டில் பிரிவு அவ்வளவு சுத்தமாக இருக்காது, ஆனாலும் மஞ்சள் தெரிந்துவிடும். அது கரோட்டினாய்டு வகை நிறமி, கேரட்டுக்கு நிறம் தரும் குடும்பம். பழுத்த இலையின் மஞ்சளும் இதுதான். புதிதாக வந்த நிறம் இல்லை. பச்சையம் சிதைந்து போனதும் முன்பே இருந்தது வெளியே தெரிகிறது.

இப்போது அறையை இருட்டாக்கி, கண்ணாடி டம்ளரில் இருக்கும் சாற்றின் மீது ஊதா டார்ச்சை அடியுங்கள். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். (டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம்.) இது வெறும் கண்கட்டு இல்லை. ஒளிச்சேர்க்கையின் முதல் நொடி என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

நடப்பது இது. ஒளித்துகள் ஒன்று பச்சைய மூலக்கூறில் விழுந்ததும் அதிலுள்ள ஓர் எலக்ட்ரான் சக்தி பெற்று மேல்படிக்கு எழும்புகிறது. இலைக்குள் என்றால் நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கும். அந்தச் சக்தி தீயணைப்பில் வாளி கைமாறுவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, வினை மையம் என்ற இடத்துக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் பச்சையம் தன் எலக்ட்ரானையே அடுத்த மூலக்கூறிடம் பறிகொடுக்கும். ஒளி மின்சாரமாக மாறும் கட்டம் அது. ஸ்பிரிட்டில் கரைந்த பச்சையமோ தனி ஆள். வாளியை வாங்கிக்கொள்ள எவரும் பக்கத்தில் இல்லை. எழும்பிய எலக்ட்ரான் திரும்பக் கீழே விழுகிறது, விழும்போது சக்தியைச் சிவப்பு ஒளியாக உதறிவிடுகிறது. உயிருள்ள இலையும் ஓர் இரண்டு சதவீத ஒளியை இப்படி உதறத்தான் செய்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோள்களுக்குத் தெரிகிறது. வானத்திலிருந்தே வயல்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று அதை வைத்து அளக்கிறார்கள்.

இலை ஏன் பச்சை என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக விழுங்கும், பச்சையைக் குறைவாக. மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. அதற்காக இலை பச்சை ஒளியைத் தொடுவதே இல்லை என்று எழுதுவது தவறு. இலைக்குள் அங்கும் இங்கும் முட்டி மோதியதில் பச்சை ஒளியிலும் பெரும்பங்கு உறிஞ்சப்பட்டுவிடும்.

சோதனை மூன்று: தண்ணீர் உடையும் குமிழி

எலக்ட்ரானைப் பறிகொடுத்த பச்சையத்துக்கு அந்த ஓட்டையை அடைக்க இன்னோர் எலக்ட்ரான் வேண்டும். எங்கிருந்து? தண்ணீரைப் பிளந்து எடுக்கிறது. சும்மா பிளக்கும் பொருளா தண்ணீர்? மாங்கனீசு அணுக்கள் நான்கு கொண்ட ஒரு சிறு கொத்து இந்த வேலையைச் செய்கிறது. இரண்டு தண்ணீர் மூலக்கூறைப் பிளந்தால் நான்கு எலக்ட்ரான், நான்கு ஹைட்ரஜன் அயனி, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு. செடிக்கு வேண்டியது முதல் இரண்டுதான். ஆக்சிஜன் உமி மாதிரி, வெளியே தூற்றப்படுகிறது. அந்த உமியை மூச்சில் வாங்கித்தான் நாம் உயிரோடு இருக்கிறோம்.

பார்ப்பது எளிது. வேலம்பாசியில் விரல் நீளத்துக்கு ஒரு கொம்பைக் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கி, நறுக்கிய முனை மேலே இருக்கும்படி தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளைக்குள் தலைகீழாக இறக்குங்கள். மேலே மிதக்காமல் இருக்க நுனியில் ஒரு ஜெம் கிளிப். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அது கார்பன் டை ஆக்சைடுக்கு. வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் வெட்டிய முனையிலிருந்து மணி மணியாகக் குமிழி கிளம்பும். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். துணியால் மூடி எண்ணுங்கள். வெயிலுக்குப் பதில் எல்இடி விளக்கை வைத்து, பக்கத்தில், தள்ளி, இன்னும் தள்ளி என்று எண்ணுங்கள். மிக அருகே கொண்டுபோனால் ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணிக்கை கூடாது. ஒளி போதும், இப்போது வேறு ஏதோ பற்றாக்குறை என்று அர்த்தம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குவளையின் சுவரில் ஒட்டியிருக்கும் குமிழிகளை எண்ணிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, வெயில் பட்டுச் சூடானாலே குமிழியாகிவிடும். செடியே இல்லாத இன்னொரு குவளையையும் பக்கத்தில் வையுங்கள், வித்தியாசம் தெரியும். அதேபோல் ஊதுபத்திக் கனலைக் காட்டி ஆக்சிஜனை நிரூபிக்கிறேன் என்று அவசரப்படாதீர்கள். அதற்கு மணிக்கணக்கில் வாயுவைச் சேர்க்க வேண்டும், அதிலும் நைட்ரஜன் கலந்திருக்கும்.

நீருக்குள் இலை விடும் குமிழியைக் கவனித்து, வெயிலில்தான் இது நடக்கிறது, பச்சைப் பாகத்தில்தான் நடக்கிறது என்று சொன்னவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். 1779 கோடையில் இங்கிலாந்தில் இருந்தபோது செய்த சோதனைகள் அவை. புதினாக் கொழுந்தை வைத்து, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைச் சரிசெய்யலாம் என்று ஜோசப் பிரீஸ்ட்லி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண்டிருந்தார். ஒளிதான் சூட்சுமம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நம் நாட்டில் ஜெகதீஷ் சந்திர போஸ் இதே வேலம்பாசியை வைத்து, குமிழிகளைத் தானாகவே பதிவுசெய்யும் கருவியைக் கல்கத்தாவில் செய்தார். ஒளிச்சேர்க்கை பற்றிய அவருடைய நூல் 1924ல் வந்தது.

ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்துதான் பிரிகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1941ல் அமெரிக்காவில் ரூபன், கேமன் என்ற ஆய்வாளர்கள் கனமான வகை ஆக்சிஜன் (ஐசோடோப்பு) உள்ள தண்ணீரை ஒருசெல் பச்சைப் பாசிக்குக் கொடுத்தார்கள். கன ஆக்சிஜன் குமிழியில் வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

எலக்ட்ரான்களின் பயணம் இதோடு முடிவதில்லை. இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பான பசுங்கணிகத்துக்குள் தோசை அடுக்கியதுபோல் தைலகாய்டு என்னும் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் சவ்வில் எலக்ட்ரான் ஓடி, வழியில் இரண்டாம் முறை ஒளியால் உந்தப்பட்டு, கடைசியில் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறில் ஏறிக்கொள்கிறது. ஓட்டத்தின் வேகத்தில் ஹைட்ரஜன் அயனிகள் தட்டுக்குள் தள்ளப்பட்டு நெருக்கியடித்து நிற்கும். அவை வெளியேறும் ஒரே வாசலில் ஒரு சுழலி இருக்கிறது. மேட்டூர் அணையில் தண்ணீர் டர்பைனைச் சுற்றுவதுபோல அயனிகள் அதைச் சுற்ற, சக்தியைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு உருவாகிறது. ஒரு ஆக்சிஜன் வெளிவரக் குறைந்தது எட்டு ஒளித்துகள்கள் தேவை. இந்த ஏடிபியும் என்ஏடிபிஎச்சும்தான் அடுத்த கட்டத்துக்குச் செலவுக்காசு.

சோதனை நான்கு: முங்கி எழும் பொட்டுகள்

பாலக் கீரை இலையில் பேப்பர் பஞ்ச் வைத்துப் பத்துப் பொட்டு வெட்டுங்கள், நடு நரம்பை விட்டுவிட்டு. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் இரண்டு சிட்டிகை ஆப்ப சோடா, ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், நுரைக்காமல் கலக்குங்கள். பொட்டுகளைச் சிரிஞ்சுக்குள் போட்டு, இந்தக் கரைசலைக் கொஞ்சம் உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்தண்டை இழுத்துப் பத்து நொடி பிடியுங்கள். இலைக்குள் இருக்கும் காற்று வெளியே வரும். தண்டை விட்டதும் அந்த இடத்தில் கரைசல் புகுந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்தால் பொட்டுகள் எல்லாம் அடியில் முங்கும். அவற்றை மீதிக் கரைசல் உள்ள டம்ளரில் விட்டு, வெயிலில் வையுங்கள்.

சில நிமிடங்களில் ஒன்று ஆடும். எழுந்து நிற்கும். அப்புறம் மெல்ல மேலே மிதந்து வரும், ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே உண்டாகும் ஆக்சிஜன் பொட்டை மிதக்க வைக்கிறது. சோடா போடாத தண்ணீரில் இன்னொரு செட் வையுங்கள், அவை அசையாமல் கிடக்கும். ஒளி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கார்பன் மட்டும் இல்லை, வேலை நிற்கிறது.

மிதந்த டம்ளரை இருட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் பொட்டுகள் மறுபடி இறங்கத் தொடங்கும். செடியும் சுவாசிக்கிறது, சேர்த்த ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. பகலிலும் சுவாசிக்கிறது, உற்பத்தி அதைவிட அதிகம் என்பதால் தெரிவதில்லை. இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பதற்கு, மரம் விடும் கார்பன் டை ஆக்சைடுதான் காரணம் என்று அறிவியல் விளக்கம் தருவார்கள். திறந்த வெளியில் அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுபவர் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறார், அவரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. படுக்கையறையில் ஒரு மணிபிளாண்ட் வைத்தால் ஆக்சிஜன் கொட்டும் என்பதும் இதே ரகம். ஒருவருக்குத் தேவையான ஆக்சிஜனுக்கு ஆயிரக்கணக்கான இலைகள் வெயிலில் வேலை செய்ய வேண்டும்.

சரி, கார்பன் உள்ளே போய் என்ன ஆகிறது? அதைக் கண்டுபிடித்த விதம் நம் சமையலறை வேலைக்கு அண்ணன்தான். மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் மூவரும் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பச்சைப் பாசிக்குக் கதிரியக்கக் கார்பன் கலந்த வாயுவைக் கொடுத்து, சில நொடிகளில் பாசியைச் சூடான ஆல்கஹாலில் இறக்கிக் கொன்றார்கள். கிடைத்த சாற்றைக் காகிதத்தில் ஏறவிட்டுப் பிரித்தார்கள். நீங்கள் டம்ளரில் செய்ததும் சாக்பீஸில் செய்ததும் அதேதான். காகிதத்தில் எந்தப் புள்ளி முதலில் கதிர்வீசுகிறது என்று பார்த்தபோது, மூன்று கார்பன் கொண்ட ஒரு சிறிய அமிலம் அகப்பட்டது. ஐந்து கார்பன் சர்க்கரையோடு ஒரு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, ஆறாகி, உடனே மூன்று மூன்றாக உடைகிறது. அந்தத் துண்டுகள் ஏடிபி, என்ஏடிபிஎச் செலவில் சர்க்கரையாகின்றன. பெரும்பகுதி திரும்ப ஐந்து கார்பன் சர்க்கரையாகிச் சுற்று தொடர்கிறது. ஒரு குளுக்கோஸ் அளவுக்கு ஆறு கார்பன் சேர்க்க 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச் செலவு. கால்வினுக்கு 1961ல் நோபல் பரிசு.

பழைய பாடநூல்கள் இதை இருள்வினை என்று சொல்லிக் கெடுத்துவைத்திருக்கின்றன. இது இரவில் நடப்பதில்லை. ஒளி இல்லாவிட்டால் செலவுக்காசும் வராது, இதற்கான சில நொதிகளும் உறங்கிவிடும்.

கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. உலகத்திலேயே மிக அதிகமாக உள்ள புரதம் என்று இதைச் சொல்வார்கள். காரணம் அதன் சோம்பல். நொடிக்குச் சில மூலக்கூறுதான் பிடிக்கும், ஆகவே ஆள் பலத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. போதாததற்கு அடிக்கடி ஆளை மாற்றிப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி சேர்த்த கார்பனில் ஒரு பகுதியைத் திருப்பி விட வேண்டும். வெயில் ஏற ஏற இந்தத் தவறும் ஏறும்.

கரும்பும் ரணகள்ளியும் கண்ட வழி

நெல்லும் அவரையும் இந்த நஷ்டத்தைச் சகித்துக்கொள்கின்றன. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை சகிப்பதில்லை. அவற்றின் இலையில் வெளிவட்டச் செல்கள் ஏமாறாத வேறொரு நொதியால் கார்பனைப் பிடித்து நான்கு கார்பன் அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் கொண்டுபோய் அவிழ்க்கின்றன. அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடு நெரிசல், தவறு அநேகமாக இல்லை. ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் 1966ல் கரும்பில் இதை விளக்கினார்கள். கொளுத்தும் வெயிலிலும் கம்பங்காடு தளராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரணகள்ளியின் வழி இன்னும் விசித்திரம். இலைத்துளையைத் திறந்தால் கார்பன் உள்ளே வரும், தண்ணீர் வெளியே போகும். ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு நூற்றுக்கணக்கான தண்ணீர் மூலக்கூறு நஷ்டம். அதனால் ரணகள்ளி இரவில் திறந்து, கார்பனை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடிவிட்டு வேலை செய்கிறது. அன்னாசியும் பிரண்டையும் இதே கட்சி. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் நன்றாகப் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையற்றுப் போகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் கடிதம் 1815ல் அச்சானது. நாக்கால் செய்த கண்டுபிடிப்பு. நீங்கள் மென்று பார்க்க வேண்டாம், அந்த இலையில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள் உண்டு.

சரியாக வராவிட்டால்

இலை முழுக்கப் பழுப்பு என்றால் காலையில் பறித்திருப்பீர்கள், அல்லது மேகமூட்டமான நாள். முழுக்க நீலம் என்றால் இருட்டில் வைத்தது போதவில்லை, அல்லது காகிதத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருக்கிறது. திட்டுத் திட்டாக வந்தால் ஸ்பிரிட் இன்னும் பச்சையைக் கழற்றவில்லை. பொட்டுகள் முங்கவே மறுத்தால் பாத்திரத் திரவம் போட மறந்திருப்பீர்கள். எல்லாம் முங்கி, எதுவும் எழவில்லை என்றால் கீரை வாடியது. சந்தையில் காலையில் வந்த கட்டாக வாங்குங்கள்.

மிச்ச ஸ்பிரிட்டை அடுப்புள்ள அறையில் திறந்து வைக்காமல் நிறையத் தண்ணீர் விட்டு வெளிச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். அயோடின் பட்ட துணியில் கறை எளிதில் போகாது, பழைய சட்டையோடு வேலை செய்வது நல்லது. இலையில் வந்த நீலமும் நிலைக்காது, சில நாளில் மங்கிவிடும். தட்டில் ஈரமாக இருக்கும்போதே போட்டோ எடுத்து, ரெக்கார்ட் நோட்டில் அதையே ஒட்டுங்கள்.